இசட்டுக்குப் பத்து, ழ-வுக்கு எத்தனை?

ஸ்க்ராபிள் ஆடியிருப்பீர்கள். ஆடாவிட்டாலும் யார் வீட்டு அலமாரியிலாவது பார்த்திருப்பீர்கள். சின்னச் சின்ன சதுரக் கட்டைகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கில எழுத்து, கீழ் மூலையில் பொடியாக ஓர் எண். ஈ-க்கு 1. கே-க்கு 5. ஜே, எக்ஸ் இரண்டுக்கும் 8. க்யூவோ இசட்டோ கையில் வந்தால் 10. இந்த எண்களை வைத்தது யார்? எதைப் பார்த்து வைத்தார்? வருஷக்கணக்காக ஆடுகிறவர்கள்கூட இதைக் கேட்பதில்லை. வாய்ப்பாடு மாதிரி, அது அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டு விட்டோம்.

எனக்கு இந்தக் கேள்வி வந்தது ஒரு கல்லூரிப் பையன் எழுதிய ப்ரோகிராமைப் படித்துக் கருத்து சொல்ல வேண்டி வந்தபோது. அவன் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த எண்களின் கதை.

ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ், 1899-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். கட்டட வரைபடம் போடுவது தொழில். 1930களின் தொடக்கத்தில் பெருமந்தம் அமெரிக்காவை உலுக்கியபோது அவர் வேலையும் போனது. கையில் நேரம் இருந்தது, காசு இல்லை. விளையாட்டு ஒன்று கண்டுபிடித்து விற்கலாம் என்று உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா உட்காரவில்லை, இருக்கிற விளையாட்டுகளையெல்லாம் வகை பிரித்தார். தாயக்கட்டை போல எண்ணை நம்புவது ஒன்று, சதுரங்கம் போலக் காய் நகர்த்துவது ஒன்று, எழுத்தை வைத்து ஆடுவது ஒன்று. அதிர்ஷ்டமும் வேண்டும், மூளையும் வேண்டும் என்பது அவர் கணக்கு.

அப்புறம் செய்ததுதான் விஷயம். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று கையால் எண்ணினார். கம்ப்யூட்டர் கிடையாது, கால்குலேட்டர் கிடையாது. காகிதத்தில் கோடு போட்டு எண்ணியது. அந்த எண்ணிக்கையிலிருந்துதான் 100 கட்டைகளைப் பிரித்தார். ஈ 12, ஏ-வும் ஐ-யும் ஒன்பது ஒன்பது, ஓ 8. அரிதாக வரும் க்யூ, இசட், ஜே, எக்ஸ், கே எல்லாம் ஒவ்வொன்றுதான். அடிக்கடி வருவதற்குப் புள்ளி குறைவு, அரிதானதற்குப் புள்ளி அதிகம்.

எஸ் விஷயத்தில் மட்டும் எண்ணிக்கை சொன்னதை அவர் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் ஏராளமாகப் புழங்கும் எழுத்து அது, கட்டையோ நாலே நாலு. அடுத்தவர் போட்ட வார்த்தையின் வாலில் ஒரு எஸ் ஒட்டிப் பன்மையாக்கி, உழைக்காமல் புள்ளி அள்ளிவிடுவார்கள் என்று வேண்டுமென்றே குறைத்தார். ஆக அந்தப் பட்டியலில் பாதி எண்ணிக்கை, பாதி மனுஷனின் தீர்மானம்.

எழுத்தை எண்ணுவது ஒன்றும் பட்ஸின் கண்டுபிடிப்பு இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-கிண்டி, ரகசிய எழுத்தை உடைக்க இதே வழியை எழுதி வைத்தார். மோர்ஸ் தந்தி முறையில் ஈ-க்கு ஒரே ஒரு புள்ளி என்று வைத்ததும் அது அதிகம் வரும் எழுத்து என்பதால்தான். 1843-ல் எட்கர் ஆலன் போ எழுதிய ‘தி கோல்டு பக்’ கதையில் புதையல் கிடைப்பதே எழுத்துகளை எண்ணுவதால்தான். இந்த 1843-ஐ ஞாபகத்தில் வையுங்கள், இன்னொரு காரணத்துக்காகத் திரும்ப வரும்.

பட்ஸின் விளையாட்டு முதலில் லெக்சிகோ என்ற பெயரில் பலகை இல்லாமல் இருந்தது. 1938 வாக்கில் பலகை சேர்த்து ‘க்ரிஸ்-க்ராஸ் வேர்ட்ஸ்’ ஆனது. பெரிய விளையாட்டுக் கம்பெனிகள் எல்லாம் கை விரித்தன. பத்து வருஷம் இப்படியே போனது. 1948-ல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் உரிமையை வாங்கிக்கொண்டார், விற்கும் ஒவ்வொரு செட்டுக்கும் பட்ஸுக்கு ஒரு பங்கு என்று ஏற்பாடு.

புரூனோ என்ன செய்தார் என்பதைக் கவனித்துப் பாருங்கள். எழுத்துகளின் எண்ணிக்கையைத் தொடவில்லை. பலகையில் இரட்டிப்பு, மும்மடங்கு கிடைக்கும் கட்டங்களை இடம் மாற்றினார். விதிகளை எளிமைப்படுத்தினார். ஸ்க்ராபிள் என்று பெயர் வைத்தார். அவ்வளவுதான். கனெக்டிகட்டில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் குடும்பமும் நண்பர்களுமாகக் கட்டைகளில் எழுத்து பதித்தார்கள். 1949-ல் 2,400 செட் செய்து 450 டாலர் நஷ்டம். (பழக்கதோஷம், உடனே வகுத்துப் பார்த்தேன். செட்டுக்குக் கிட்டத்தட்ட 19 சென்ட் கையை விட்டுப் போயிருக்கிறது. இந்த பேலன்ஸ் ஷீட்டோடு என்னிடம் கடன் கேட்டு வந்திருந்தால் நான் பரிந்துரைத்திருப்பேனா என்று கேட்காதீர்கள்.) 1952-ல் மேசிஸ் என்ற பெரிய கடை ஆர்டர் கொடுத்த பிறகு அமெரிக்காவே ஆட ஆரம்பித்தது.

அடுத்தவர் செய்ததை வாங்கி, எது சரியாக இருக்கிறது என்று முதலில் பார்த்து அதில் கை வைக்காமல், உறுத்துவதை மட்டும் மாற்றுவது எவ்வளவு அபூர்வம் என்று ஆபீஸில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். நம்மிடம் ஒரு டிராஃப்ட் வந்தால், ‘மேற்கண்ட’ என்பதை ‘மேலே குறிப்பிட்ட’ என்று மாற்றினால்தான் படித்த மாதிரி இருக்கும்.

பின்னூட்டம் என்று ஒரு நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. இணையத்தில் தமிழ் எழுத ஆரம்பித்த காலத்தில் யார் என்ன கருத்து சொன்னாலும் அது பின்னூட்டம்தான். ஆங்கிலத்தில் அதன் மூலச் சொல்லோ மின்பொறியியலிலிருந்து வந்தது. 1920களில் அமெரிக்காவில் தொலைதூரத் தொலைபேசிக்கு ஒரு தொல்லை இருந்தது. வழியில் குரல் மங்கிப்போகும், அதனால் ஆங்காங்கே ஆம்ப்ளிஃபையர் வைத்துப் பெரிதாக்க வேண்டும். ஒவ்வொரு முறை பெரிதாக்கும்போதும் குரல் கொஞ்சம் சிதையும். பெல் லேப்ஸில் ஹரால்ட் பிளாக் என்ற பொறியாளர் வருஷக்கணக்கில் இதோடு மல்லுக்கட்டினார். 1927 ஆகஸ்ட் 2-ஆம் தேதி காலை, ஹட்சன் ஆற்றில் படகில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவருக்கு வழி தோன்றியது. வெளியே வரும் ஒலியில் ஒரு பங்கை எடுத்து, தலைகீழாக்கி, உள்ளேயே திருப்பி ஊட்டினால் சிதைவு குறையும். கையில் இருந்த நியூயார்க் டைம்ஸ் பக்கத்திலேயே படம் வரைந்துவிட்டார். (பட்ஸ் எண்ணியதும் இதே பத்திரிகையைத்தான். அந்தப் பத்திரிகைக்காரர்கள் ராயல்டி கேட்டிருக்கலாம்!)

இதில் இரண்டு விஷயம் எனக்குப் பிடித்தது. தலைகீழாக்காமல் அப்படியே திருப்பி ஊட்டினால் என்ன ஆகும் என்பது கோயில் திருவிழாவுக்குப் போன எல்லோருக்கும் தெரியும். மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் ‘கூ...’ என்று காதைக் கிழிக்குமே, அதுதான். நம் வீட்டுக் குழந்தைகளை “சூப்பர், சூப்பர்” என்று மட்டும் சொல்லி வளர்க்கும்போது எனக்கு அந்த ‘கூ’ கேட்கும். இரண்டாவது விஷயம், பிளாக்கின் முறை இலவசம் இல்லை. சிதைவு குறைகிற அளவுக்குச் சத்தமும் குறையும். சத்தம் மிஞ்சுகிற இடத்தில்தான் இப்படித் திருத்த முடியும். பிளாக்கின் ஆம்ப்ளிஃபையரில் மிஞ்சியது. முதல்முறை ப்ரோகிராம் எழுதுகிற ஒரு பதினெட்டு வயசுப் பையனிடம் எவ்வளவு மிஞ்சும்?

சரி, 1843. லண்டனில் சார்லஸ் பாபேஜ் கட்ட நினைத்த கணக்கு இயந்திரத்தைப் பற்றி ஏடா லவ்லேஸ் விரிவான குறிப்புகள் எழுதி வெளியிட்ட வருஷம் அது. பெர்னூலி எண்களை அந்த இயந்திரத்தில் எப்படிப் போடுவது என்று அதில் ஒரு அட்டவணை இருக்கிறது. உலகின் முதல் ப்ரோகிராம் என்று பலர் அதைத்தான் சொல்கிறார்கள். லவ்லேஸுக்குச் சிரமம் வேண்டாமே என்று அதற்கான கணக்கை பாபேஜ் தானே போட்டு அனுப்பினார். அதில் அவர் செய்திருந்த ஒரு பெரிய பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொல்லி லவ்லேஸ் திருப்பி அனுப்பினார். இதைச் சொல்வது வேறு யாருமில்லை, 1864-ல் வந்த தன் சுயசரிதையில் பாபேஜே எழுதியிருக்கிறார். இருபது வருஷம் கழித்து, தன் பிழையை இன்னொருவர் பிடித்ததைப் புத்தகத்தில் போடுவதற்கும் ஒரு மனசு வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இருவரும் பார்த்துப் பார்த்து அச்சுக்குக் கொடுத்த அட்டவணையிலும் ஒரு பிழை தங்கிவிட்டது. ஓரிடத்தில் வகுக்க வேண்டியது தலைகீழாக இருக்கிறது.

நூறு வருஷம் தாண்டினால் கேம்பிரிட்ஜ், 1949. எட்சாக் என்ற கம்ப்யூட்டரைக் கட்டிய மாரிஸ் வில்க்ஸ் அதற்காக ஒரு ப்ரோகிராம் எழுதினார். 126 வரி. அதன் காகித நாடா பிற்காலத்தில் கிடைத்து, ஆராய்ந்து பார்த்தபோது அதில் 20 பிழை இருந்தது தெரிந்தது. மாடிப்படி ஏறும்போது, வாழ்க்கையில் மீதியிருக்கும் காலத்தில் பெரும்பங்கு தன் ப்ரோகிராம்களில் பிழை தேடுவதிலேயே போகப்போகிறது என்று தனக்கு உறைத்ததாக வில்க்ஸ் நினைவுக்குறிப்பில் சொல்கிறார். கம்ப்யூட்டரையே கட்டியவருக்கு ஆறு வரிக்கு ஒரு பிழை! புதிதாகப் படிக்கிற பிள்ளைகளிடம் முதலில் சொல்ல வேண்டிய கணக்கு இதுதான் என்பது என் கட்சி.

ஆனாலும் தன் பிழையை இன்னொருவர் காட்டினால் வலிக்கிறதே, அதை என்ன செய்வது? 1971-ல் ஜெரால்ட் வைன்பெர்க், ப்ரோகிராம் எழுதுகிறவர்களின் மனசைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். எழுதியதைத் தன் உடம்பின் ஓர் அங்கம் போல நினைப்பதால்தான் பிழையைப் பார்க்க மறுக்கிறோம் என்றார். அதில் ஒரு சம்பவம். ஒருவர் தன் ப்ரோகிராமைச் சக ஊழியரிடம் படிக்கக் கொடுக்கிறார். அந்தப் பெண்மணி 13 வரிகளில் 17 பிழை கண்டுபிடிக்கிறார். எழுதியவர் முகம் சுருங்கவில்லை, ஆபீஸ் முழுக்கப் போய் “13 வரியில் 17!” என்று சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஐபிஎம்-மில் மைக்கேல் ஃபேகன் இதற்கு முறையே வகுத்தார், 1976-ல் கட்டுரையாக வந்தது. நாலைந்து பேர் உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பார்கள். நடத்த ஒருவர், வாசித்து விளக்க ஒருவர். பிழையைக் குறித்துக்கொள்வதோடு சரி, எப்படித் திருத்துவது என்ற விவாதம் அங்கே வேண்டாம், அது எழுதியவர் பாடு. முக்கியமாக, இதில் கிடைக்கும் எண்ணிக்கையை அந்த ஊழியரின் தரத்தை எடைபோடப் பயன்படுத்தவே கூடாது. பயன்படுத்தினால் அடுத்த முறை யாரும் பிழையைக் காட்டமாட்டார்கள்.

இந்தக் கடைசி விதியைப் படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வங்கியில் எங்களுக்கு மேக்கர்-செக்கர் என்று ஒன்று உண்டு. ஒருவர் பதிவு செய்வார், வேறொருவர் சரிபார்த்து அங்கீகரிப்பார். எவ்வளவு சீனியராக இருந்தாலும் தான் பதிவு செய்ததைத் தானே பாஸ் பண்ண முடியாது. லெட்ஜர் காலத்தில் கிளார்க் எழுத, ஆபீஸர் டிக் அடித்து இனிஷியல் போட்டதும் இதேதான். ஆபீஸர் டிக் அடிப்பதால் கிளார்க்குக்குக் கணக்கு தெரியாது என்று அர்த்தமில்லை, அது நடைமுறை. ஆனால் வெகு வருஷத்துக்கு முன் நான் இருந்த ஒரு கிளையில் (ஊரும் பேரும் வேண்டாம்) ஒரு மேலாளர் இருந்தார். வவுச்சரில் தப்பு கண்டால் ஹாலின் நடுவில் நின்று, வாடிக்கையாளர்கள் காதில் விழ வாசிப்பார். மூன்று மாதத்தில் அவர் மேஜைக்குத் தப்பான வவுச்சர் வருவது நின்றுவிட்டது. தனக்குப் பயந்து எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று அவர் நினைத்தார். நடந்தது வேறு. சந்தேகம் வந்தால் யாரும் அவரிடம் கேட்கவில்லை, ஆளுக்கொரு சஸ்பென்ஸ் என்ட்ரி போட்டுத் தள்ளிவிட்டார்கள். வருடாந்திர ஆடிட்டில் வெளியே வந்தபோது அதை அவிழ்க்க எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது.

இப்போது அந்தப் பையன். எங்கள் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பம். அவன் பிறந்து வளர்ந்தது அகமதாபாத்தில்தான். வெளியே குஜராத்தி, வீட்டில் தமிழ், கல்லூரியில் பி.காம். முதல் வருஷம். தமிழ் படிக்கக் கற்றது எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில். இப்போது அதே வகுப்பின் பொடிசுகளுக்காக பைத்தானில் ஒரு விளையாட்டு எழுதியிருந்தான். ஏழு எழுத்து வரும், அதை வைத்துச் சொல் அமைத்தால் கம்ப்யூட்டர் புள்ளி போடும். பெருமையாகக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் போட்டான். மென்பொருள் துறைக்காரர் ஒருவர், நல்ல மனிதர்தான், எல்லோர் முன்னாலும் ஒரு வரி எழுதினார்: “இதெல்லாம் ஒரு கோடா தம்பி? ஏஐ-கிட்ட சொன்னா அரை நிமிஷத்துல எழுதிக் குடுத்துரும்.” அன்று ராத்திரியே பையன் அதை அழித்துவிட்டான். அவன் அம்மாதான் என்னிடம், “அண்ணா, நீங்க ஒருதரம் பாருங்களேன், ஞாயிற்றுக்கிழமை கிளாசுக்கே வரமாட்டேங்கிறான்” என்றார்.

நானும் பி.காம்.தான். ஊரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டிப்ளமா, வங்கியில் எக்ஸல் மேக்ரோ, அப்புறம் சொந்த ஆர்வத்தில் பைத்தான். இது போதும் என்று உட்கார்ந்தேன். சொல்லுக்குப் புள்ளி போடுவது கற்றுக்கொள்கிறவர்களுக்கு உலகம் முழுக்கக் கொடுக்கிற பயிற்சி. எம்ஐடி-யின் ஆரம்பப் பாடத்தில் இப்படி ஒரு சொல் விளையாட்டு வீட்டுப்பாடமாக இருந்திருக்கிறது, ஹார்வர்டின் சிஎஸ்50-யிலும் ஸ்க்ராபிள் பயிற்சி உண்டு.

ப்ரோகிராம் ஓடியது. அதை முதலில் சொன்னேன், ஏனென்றால் அது உண்மை. பிறகு பார்த்ததை மூன்றாகப் பிரித்துக்கொண்டேன். தப்பான விடை தருவது, இப்போது சரியாக ஓடினாலும் நாளை காலை வாரிவிடுவது, எனக்குப் பிடிக்காதது. மூன்றாவதை வாயே திறக்கவில்லை.

நாளை வாரிவிடுவது எளிது. ‘அ’ வந்தால் இவ்வளவு, இல்லை ‘ஆ’ வந்தால் இவ்வளவு என்று நாற்பது ‘இஃப்’ எழுதியிருந்தான். விடை சரிதான். ஆனால் வட்டி விகிதத்தை ஒவ்வொரு பாஸ்புக்கிலும் தனித்தனியாக எழுதி வைத்த மாதிரி. விகிதம் மாறினால் எத்தனை இடத்தில் மாற்றுவது? ஒரே அட்டவணையாக வைத்தால் ஒரே இடம். இதைச் சொன்னதும் பி.காம். பையனுக்குச் சட்டென்று பிடித்தது.

தப்பான விடைக்கு நான் விளக்கம் சொல்லவில்லை. “கையில ஒரு ‘பா’, ஒரு ‘ப்’ மட்டும் வச்சுக்கிட்டு ‘பாப்பா’ன்னு போட்டுப் பாரு” என்றேன். போட்டான். ஏற்றுக்கொண்டது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். “அங்கிள், ரெண்டாவது ‘பா’ எங்கேருந்து வந்துச்சு?” ஒவ்வொரு எழுத்தும் கையில் இருக்கிறதா என்று பார்த்தானே தவிர, பயன்படுத்தியதைக் கழிக்கவில்லை. கணக்கில் ஆயிரம் ரூபாய் இருக்கும்போது ஆயிரம் ரூபாய்க்கு இரண்டு செக் வருகிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுக்கும் பணம் இருக்கிறது! முதல் செக்கை டெபிட் செய்த பிறகுதானே இரண்டாவதைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது இதைவிட ஆழம். கையில் ‘பா’, ‘டி’ இருக்கும்போது ‘பாடி’ என்றால் சரி என்கிறது. ‘படி’ என்றாலும் சரி என்கிறது. ‘ப’ ஏது? ‘விளக்கு’ என்று போட்டால் ஏழு எழுத்துச் சொல்லுக்கு என்று அவன் வைத்திருந்த 50 புள்ளி போனஸ் விழுகிறது. வி, ள, க், கு. நாலுதானே? பைத்தானிடம் ‘தமிழ்’ எத்தனை எழுத்து என்று கேட்டால் 5 என்கிறது.

இது பையனின் பிழை இல்லை, இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. யூனிகோட் 1991-ல் முதல் பதிப்பு வந்தபோது, இந்திய மொழிகளுக்கு இந்திய அரசின் இஸ்கி குறியீட்டின் அமைப்பையே எடுத்துக்கொண்டது. எல்லா இந்திய எழுத்துக்கும் ஒரே சட்டகம். அதன்படி ‘க’ என்பது அடிப்படை. புள்ளி, கால், கொம்பு, கொக்கி எல்லாம் பின்னால் ஒட்டும் தனிக் குறிகள். நம் இலக்கணமோ நேர் எதிர். க் என்ற மெய்தான் அடிப்படை, அதோடு அ சேர்ந்தால் க. நாம் க்+அ=க என்று படித்துவிட்டு வந்தோம், கம்ப்யூட்டரில் க-வோடு புள்ளி சேர்ந்தால்தான் க். ‘விளக்கு’க்கு வ, ி, ள, க, ஒரு புள்ளி, இன்னொரு க, ு என்று ஏழு குறி. ‘கொ’ என்பதைக்கூட இரண்டு குறியாகவும் சேமிக்கலாம், மூன்றாகவும் சேமிக்கலாம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இதில் தமிழ்நாட்டில் நடந்த சண்டையெல்லாம் கொஞ்சமில்லை. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரே குறி தருகிற டேஸ்16 என்ற முறையை 2010-ல் தமிழக அரசு மாற்றுக் குறியீடாக அங்கீகரித்தது. ஆனால் இன்று உங்கள் கைபேசியில் ஓடுவது யூனிகோட்தான். அதனால் ப்ரோகிராம் எழுதுகிறவர் ஒட்டுக்குறிகளை முந்தைய எழுத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டு எண்ண வேண்டும். அதற்கு ‘ஓப்பன்-தமிழ்’ என்ற பைத்தான் தொகுப்பும் இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும், “அப்ப கம்ப்யூட்டருக்குத்தான் தமிழ் எண்ணத் தெரியலையா?” என்றான். “அதுக்கு வேற லெட்ஜர்” என்றேன். வாட்ஸப் குழு சம்பவத்துக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

கடைசியாகப் புள்ளிப் பட்டியல். இங்கேதான் எங்கள் இருவருக்கும் ஒத்துவரவில்லை. ழ-வுக்கு 10 வைத்திருந்தான். எதை வைத்து என்றேன். “சொல்றதுக்குக் கஷ்டமான எழுத்து அங்கிள்.” பட்ஸ் கதையைச் சொன்னேன். அடிக்கடி வருகிறதா இல்லையா என்று எண்ண வேண்டும், நாக்குக்குக் கஷ்டமா என்பது கணக்கில்லை. பட்ஸின் பட்டியலையும் கேள்வி கேட்டிருக்கிறார்கள். 2006-ல் வட அமெரிக்க ஆட்ட அகராதியில் இரண்டே எழுத்துள்ள புதுச் சொற்கள் சில சேர்ந்தபோது க்யூவையும் இசட்டையும் இறக்குவது சுலபமாகிவிட்டது. 2013 தொடக்கத்தில் ஓர் ஆராய்ச்சியாளர் கம்ப்யூட்டரில் எண்ணிப் பார்த்து, இசட்டுக்கு 6 போதும் என்றார். கட்டைகளில் இன்னும் 10-தான்.

பையன் வகுப்புப் பாடப் புத்தகத்தைத் தட்டச்சு செய்து, தன் ப்ரோகிராமையே கொஞ்சம் மாற்றி, எண்ண வைத்தான். பத்து நாள் கழித்து பட்டியலோடு வந்தான். ஔ ஔவையாரோடு நின்றுவிட்டது. ங என்பது புள்ளி வைத்த ங்-ஆகத்தான் வருகிறது. அதற்குத் தகுந்தபடி ஒவ்வொரு புள்ளியாக மாற்றியிருந்தான். ழ-வுக்கு மட்டும் 10 அப்படியே இருந்தது.

“எண்ணிக்கைப்படி அவ்வளவு வராதே?”

“வராது. ஆனா அத மட்டும் மாத்தமாட்டேன் அங்கிள். பட்ஸ் எஸ்-ஸ மாத்துனாருல்ல?”

நான் டிக் அடித்து இனிஷியல் போட்டுவிட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கடைசி இருபது நிமிஷம் இந்த ஆட்டம்தான். போன வாரம் எட்டு வயசுப் பெண் ஒருத்தி ‘வாழைப்பழம்’ போட்டாள். ஆறு எழுத்து, அதில் இரண்டு ழகரம். வகுப்பே கைதட்டியது. சத்தமாகச் சொல்லு பார்ப்போம் என்றார் டீச்சர். “வாளப்பளம்” என்றாள். பையன் கீபோர்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தான், புள்ளியைக் குறைக்கலாமா என்பது போல. குறைக்கவில்லை.